வங்கக் கடல் நாடுகளின் கூட்டுத் திட்டங்கள்: கரையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலும் கடலோரக் கல்லூரிகளிலும் பேசப் போகும்போது, எந்த ஊராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து நடத்தும் திட்டங்களைப் பற்றிப் பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. அதனாலேயே கேட்க வேண்டியதை வேறு யாரிடமோ கேட்டுவிட்டு, பதில் வராமல் சோர்ந்துபோகிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"சென்னையில வங்காள விரிகுடாத் திட்டம்னு ஒரு ஆபீஸ் இருக்காமே, அது என்ன ஆபீஸ்?"

ஆமாம், அபிராமபுரத்தில் இருக்கிறது. வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் உறுப்பினராக இருக்கும் மீன்வள அமைப்பு அது. ஆங்கிலச் சுருக்கத்தில் 'பி.ஓ.பி.பி.' என்பார்கள். சிறு அளவில் மீன் பிடிப்பவர்களின் தொழில், பாதுகாப்பு, மீன்வள மேலாண்மை ஆகியவைதான் அதன் வேலை.

இது தொடங்கியது 1979இல். அப்போது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு நடத்திய ஒரு திட்டமாக இருந்தது. சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகள் பணம் கொடுத்தன. நாளடைவில் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தும் சேர்த்து ஏழு நாடுகள் அதில் இருந்தன. 2000ஆம் ஆண்டோடு அந்தத் திட்டக் காலம் முடிந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட திட்டங்கள் வெளிநாட்டுப் பணம் நின்றதும் மூடப்பட்டுவிடும். இங்கே அப்படி நடக்கவில்லை. 2003 ஏப்ரலில் சென்னையில் இந்தியா, வங்கதேசம், இலங்கை மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அதை நிரந்தர அமைப்பாக்கின. அடுத்த மாதமே மாலத்தீவும் சேர்ந்துகொண்டது.

"அப்படின்னா அது ஐ.நா. ஆபீஸா, இல்ல தொண்டு நிறுவனமா?"

இரண்டும் இல்லை. அரசுகளுக்கிடையிலான அமைப்பு. நான்கு நாட்டு அரசுகளும்தான் அதன் உரிமையாளர்கள். நாட்டுக்கு ஒரு பிரதிநிதி என்ற முறையில் அமைந்த ஆட்சிக் குழு கூடி வேலைத் திட்டத்தை முடிவு செய்கிறது. உங்கள் ஊரில் நிலம் வாங்கவோ, கடன் கொடுக்கவோ, படகைப் பிடிக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே அடிப்படை.

"நம்ம கவர்மெண்டுக்கு மீன்துறை இருக்கே. நாலு நாடு சேர்ந்து செய்ய அப்படி என்ன இருக்கு?"

ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். உல்லம் எனப்படும் இல்சா கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். வங்கதேசத்தில் பத்மா–மேக்னா, மேற்கு வங்கத்தில் ஹூக்ளி, மியான்மரில் ஐராவதி. மூன்று நாட்டு ஆற்று வாய்களும் ஒரே கடலில் திறக்கின்றன. ஒரு நாடு குஞ்சு மீனைக் காப்பாற்றி, இன்னொரு நாடு அதையே வாரிப்போனால் காப்பாற்றியவர்களுக்கு நட்டம்தான் மிச்சம். வங்கதேசம் 25 சென்டிமீட்டருக்குக் குறைவான இல்சாவைப் பிடிப்பதைத் தடுக்கிறது. மேற்கு வங்கத்தில் அந்த அளவு 23 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் இருக்கும் ஒரு மீன் எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டவிரோதம், இந்தப் பக்கம் சட்டப்படி சரி.

அயிலை, சூரை, சுறா எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஒரு நாட்டின் கரையில் எடுத்த கணக்கை மட்டும் வைத்து அந்த மீன் பெருகுகிறதா அழிகிறதா என்று சொல்ல முடியாது. எல்லா நாட்டுக் கணக்கும் ஒரே மேசைக்கு வர வேண்டும். அந்த மேசையைப் போட்டுக் கொடுப்பதுதான் இத்தகைய கூட்டுத் திட்டத்தின் முதல் பயன்.

"பிம்ஸ்டெக், சாக்கெப், பி.ஓ.பி.பி.ன்னு ஏகப்பட்ட பேர் வருது. எல்லாம் ஒண்ணுதானா?"

இல்லை. பெயர்க் குழப்பத்தால்தான் பல மனுக்கள் தவறான இடத்துக்குப் போகின்றன.

பிம்ஸ்டெக் 1997இல் பாங்காக்கில் தொடங்கியது. வணிகம், போக்குவரத்து, பாதுகாப்பு என்று பரந்த அரசியல், பொருளாதாரக் கூட்டமைப்பு. ஏழு நாடுகள். கடலே இல்லாத நேபாளமும் பூடானும்கூட உண்டு. செயலகம் டாக்காவில். சாக்கெப் 1982இல் உருவான தெற்காசியச் சுற்றுச்சூழல் அமைப்பு, கொழும்பில் இருக்கிறது. தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டம் 1995இல் ஏற்கப்பட்டது. அதன் செயலகமும் சாக்கெப்தான். இதில் பாகிஸ்தானும் இருக்கிறது. சூரை மீனுக்கு மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் உண்டு, அது செஷல்ஸில். வங்காள விரிகுடாப் பெருங்கடல் சூழல் திட்டம் என்று இன்னொன்று 2009 முதல் 2015 வரை எட்டு நாடுகளில் நடந்தது. அதன் அலுவலகம் தாய்லாந்தின் புக்கெட்டில் இருந்தது.

ஆக, மீனும் மீனவரும் என்றால் சென்னை. கடல் மாசு என்றால் கொழும்பு. சூரை ஒதுக்கீடு என்றால் செஷல்ஸ். வணிகமும் அரசியலும் என்றால் டாக்கா. இந்தப் பிரிவினை கச்சிதமானதல்ல, வேலைகள் ஒன்றோடொன்று உரசும். ஆனால் தொடக்கத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

"இந்தோனேசியா, தாய்லாந்தெல்லாம் ஏன் இப்ப சென்னை அமைப்புல இல்ல?"

2003இல் நிரந்தர அமைப்பு ஆனபோது அவை சேரவில்லை. வங்கக் கடலின் கிழக்குப் பாதியை விட்டுவிட்டு மீன் கணக்கு எடுப்பது பாதிக் கணக்குதான். அந்தக் குறையை நிரப்பத்தான் மேலே சொன்ன எட்டு நாட்டுச் சூழல் திட்டம் பயன்பட்டது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, மாலத்தீவு, மியான்மர், இலங்கை, தாய்லாந்து ஆகியவை சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலை ஒரே சூழல் அமைப்பாகப் பார்த்தன. இல்சாவுக்கும் அயிலைக்கும் சுறாவுக்கும் தனித்தனிப் பணிக்குழுக்கள் இருந்தன. இரு நாடுகளுக்கு நடுவே கிடக்கும் இரண்டு இடங்களை, அதாவது மன்னார் வளைகுடாவையும் மியான்மர்–தாய்லாந்து பக்கத்து மெர்குயி தீவுக் கூட்டத்தையும், கூட்டாகக் கவனிக்க வேண்டிய வாழிடங்களாக எடுத்துக்கொண்டார்கள்.

"பணம் யார் போடறாங்க? கடைசியில அவங்க சொல்றதுதானே நடக்கும்?"

சென்னை அமைப்புக்கு உறுப்பு நாடுகள் ஆண்டுச் சந்தா கட்டுகின்றன. அதற்கு மேல் குறிப்பிட்ட வேலைகளுக்கு வெளி நிதி வரும். எட்டு நாட்டுச் சூழல் திட்டத்துக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் நார்வே, சுவீடன் போன்ற நாடுகளும் பணம் கொடுத்தன.

வெளிப்பணம் வரும்போது அவர்களின் ஆர்வம் நிகழ்ச்சி நிரலில் ஏறுவது உண்மைதான். சந்தேகப்படுவது நியாயம். ஆனால் என் பார்வையில், சொந்தச் சந்தாவில் நடக்கும் சிறிய அமைப்பு, வெளிப்பணத்தில் நடக்கும் பெரிய திட்டத்தைவிட நீடித்த பயன் தருகிறது. திட்டங்கள் ஆறு ஆண்டில் முடிந்துவிடும். மீன் கணக்கு இருபது ஆண்டு தொடர்ந்து எடுத்தால்தான் ஏதாவது சொல்லும். எனவே, 'வெளிநாட்டுப் பணம் ஏன் வருகிறது' என்று கேட்பதோடு, 'நம் நான்கு நாடுகளும் சந்தாவை ஏன் கூட்டக்கூடாது' என்றும் கேட்க வேண்டும்.

"இத்தனை வருஷத்துல மீனவனுக்கு நேரா என்ன கெடச்சுது? அறிக்கைதானே?"

அறிக்கைகள் நிறைய, அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். அது பெரிய குறை. கடலில் போகிறவர் படிக்க முடியாத அறிக்கை அரைப் பயன்தான் தரும் என்பதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் படகைப் பாருங்கள். 1979க்குப் பிறகான முதல் சில ஆண்டுகளில் இந்தத் திட்டத்தின் முக்கிய வேலையே அலைகரையில் இறக்கி ஏற்றக்கூடிய படகை உருவாக்குவதுதான். நம் கிழக்குக் கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களே அதிகம். கரையிலிருந்து நேராக அலையை உடைத்துப் போக வேண்டும், அதே அலையில் திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அருகிக்கொண்டிருந்த காலம் அது. கண்ணாடியிழையில், சிறிய டீசல் இயந்திரத்தோடு பல வடிவங்களைச் செய்து இந்தியக் கரையிலும் மற்ற நாடுகளிலும் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லா வடிவமும் வெற்றி பெறவில்லை. விலை கூடியவை நின்றுபோயின. ஆனால் கண்ணாடியிழைப் படகு நம் கரையில் வேரூன்றியதில் அந்தச் சோதனைகளுக்குப் பங்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுக்க ஃபைபர் படகு பரவியபோது, அந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதாக இல்லை.

இன்னொன்று கடல் பாதுகாப்பு. 2001 அக்டோபரில் சென்னையில் வங்கக் கடல் நாடுகள் கூடி, சிறு படகு மீனவர்களின் பாதுகாப்புக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டன. அதுவரை கடல் பாதுகாப்பு விதிகள் என்றாலே கப்பல்களுக்கானவை என்ற நிலைதான். 28 அடிப் படகில் போகிறவரின் உயிரும் விதிக்குள் வர வேண்டும் என்று நாடுகள் சேர்ந்து சொன்னது சாதாரண விஷயமல்ல. சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரத்தை 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க அப்போது வழியே இல்லை.

"புயலுக்குப் பேர் வைக்கிறாங்களே, அதுவும் இப்படி கூட்டாத்தான் செய்யறாங்களா?"

ஆம், இந்தக் கடலின் மிக வெற்றிகரமான கூட்டு வேலைகளில் அதுவும் ஒன்று. உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய–பசிபிக் ஆணையமும் சேர்ந்து 1972இல் வெப்பமண்டலப் புயல்களுக்கான குழுவை அமைத்தன. இந்த வட்டாரத்துக்கான புயல் மையம் டெல்லியில், இந்திய வானிலை ஆய்வுத் துறையில் இருக்கிறது. அங்கிருந்து எல்லா உறுப்பு நாடுகளுக்கும் எச்சரிக்கை போகும். 2004 முதல் பெயர் வைக்கும் வழக்கம். முதல் பட்டியலில் எட்டு நாடுகளின் 64 பெயர்கள். அது தீரும் தறுவாயில் 2020இல் 13 நாடுகள், நாட்டுக்கு 13 என்று 169 பெயர்களோடு புதுப் பட்டியல் வந்தது.

நம்மைத் தாக்கிய புயல்களின் பெயர்களையே பாருங்கள். ஒக்கி வங்கதேசம் கொடுத்தது, கஜா இலங்கை, வர்தா பாகிஸ்தான், மிக்ஜாம் மியான்மர், ஃபெங்கல் சவூதி அரேபியா. இந்தியாவும் பாகிஸ்தானும் எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் இந்தக் குழுவில் இரண்டும் இருக்கின்றன. பெயர் ஒரு சின்ன விஷயம்தான். அதன் பின்னால் இருக்கும் தகவல் பரிமாற்றம்தான் உயிர் காப்பது.

"சுனாமிக்கு அந்த மாதிரி ஏற்பாடு இருக்கா? 2004ல யாருமே சொல்லலையே?"

2004இல் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை. அந்த டிசம்பர் 26க்குப் பிறகுதான் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் வழியாக நாடுகள் சேர்ந்து ஒன்றைக் கட்டின. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, இந்தியா மூன்றும் முழு இந்தியப் பெருங்கடலுக்கும் எச்சரிக்கை தரும் பொறுப்பில் உள்ளன. இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ். மூன்று மையங்களும் ஒரே நேரத்தில் கணக்கிடுவதால் ஒன்று தவறினாலும் மற்றது இருக்கும். ஆனால் எச்சரிக்கையைக் கேட்டுக் கரையிலிருந்து ஆட்களை நகர்த்துவது அந்தந்த நாட்டின், அந்தந்த மாவட்டத்தின் வேலை. கூட்டுத் திட்டம் அதைச் செய்து தராது.

"தடைக்காலம் நமக்கு மட்டும் ஏன்? பக்கத்து நாட்டுக்காரன் அப்ப பிடிச்சிட்டுத்தானே இருக்கான்?"

இதே கேள்வியை வங்கதேச மீனவர்கள் நம்மைப் பார்த்துக் கேட்டார்கள். இந்தியக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. வங்கதேசத்தில் 2024 வரை மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள். அதாவது நம் படகுகள் ஜூன் நடுவில் கடலுக்குப் போகும்போது அவர்கள் இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் வலையைக் காயப் போட்டுக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் விட்டுவைத்த மீனை இந்தியப் படகுகள் பிடித்துப் போகின்றன என்பது அவர்களின் பல ஆண்டுக் குமுறல். 2025இல் வங்கதேசம் தன் தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை, 58 நாளாக மாற்றிக்கொண்டது. இப்போது இரண்டு நாட்டுத் தடையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வருகிறது. கூட்டுத் திட்டங்களின் மேசையில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் மேலாண்மை ஒத்திசைவு நடைமுறைக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

பாக் நீரிணையில் கதை வேறு. நம் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும் மாதங்கள்தான், வலை அறுபடும் பயமில்லாமல் தொழில் செய்ய முடிகிற காலம் என்று வட இலங்கை மீனவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறு வள்ளங்களில் செவுள் வலை போடுபவர்கள். அந்த இடத்தில் 'அவன் மட்டும் பிடிக்கிறானே' என்ற வாதம் நிற்காது.

"அப்ப கச்சத்தீவு, மீனவர் கைது இதையெல்லாம் இந்த அமைப்பு தீர்க்காதா?"

தீர்க்காது. அதற்கு அந்த அதிகாரம் இல்லை. இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள். கடல் எல்லை 1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்த இருதரப்பு ஒப்பந்தங்களின்படி வகுக்கப்பட்டது. மீனவர் பிரச்சினைக்காக 2016 நவம்பரில் இரு நாடுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தன. 2024இல்கூட கொழும்பில் அது கூடியது. கைது, படகு விடுவிப்பு, ரோந்து பற்றிய பேச்செல்லாம் அங்கேதான்.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரு நாடுகளும் உறுப்பினராக இருக்கும் மீன்வள அமைப்பு சென்னையிலேயே இருக்கும்போது, பாக் நீரிணையின் மீன்வளத்தை இரு நாட்டு அறிவியலாளர்களும் சேர்ந்து அளந்து, பொதுவான ஒரே கணக்காக வெளியிடும் வேலைக்கு அதை முழுமையாகப் பயன்படுத்தியிருக்கலாம். இறையாண்மை பற்றிய சண்டை அரசுகளுடையது. எவ்வளவு மீன் மிச்சமிருக்கிறது என்பது அளக்கக்கூடிய விஷயம். முதலாவதைத் தீர்க்கும்வரை இரண்டாவதை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

"எல்லை தாண்டினா ஜெயில்ல போடக்கூடாதுன்னு சர்வதேசச் சட்டமே இருக்காமே?"

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவைத்தான் சொல்கிறார்கள். இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையை ஏற்றவைதான். தனிப் பொருளாதார மண்டலத்தில், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒரு நாட்டுக்கு மீன்வள உரிமை உள்ள கடலில், மீன்பிடி விதியை மீறியவர்களைப் பிணைப் பெற்று உடனே விட வேண்டும், நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது என்று அது சொல்கிறது. உண்மைதான்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பிரிவு தனிப் பொருளாதார மண்டலத்துக்கானது. பாக் நீரிணை ஒடுங்கிய கடல். அதை இரு நாடுகளும் வரலாற்று நீர்ப்பரப்பாகவே கருதுகின்றன. அங்கே எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் முழு இறையாண்மை. எனவே 73ஆம் பிரிவை அப்படியே அங்கே பொருத்த முடியாது. மனிதாபிமான அடிப்படையில் நடத்த வேண்டும், துப்பாக்கிச் சூடு கூடாது என்பதெல்லாம் சரியான கோரிக்கைகள். ஆனால் இந்தப் பிரிவை மட்டும் நம்பிப் படகை எடுக்காதீர்கள். படகைப் பறிகொடுத்த குடும்பங்களின் கடன் சுமை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அங்க இருக்கறவங்களும் தமிழ் மீனவங்கதானே. நாங்க பேசிக்கிட்டா முடியாதா?"

பேசியிருக்கிறார்கள். 2014 ஜனவரியில் சென்னையிலும் அதே ஆண்டு மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். 2016இல் டெல்லியில் மறுபடியும். ஒவ்வொரு முறையும் பேச்சு வந்து நின்ற இடம் ஒன்றுதான்: இந்தியப் படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலை. வடக்கிலும் மன்னாரிலும் உள்ளவர்கள் போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் இருந்து, 2009க்குப் பிறகு புதிதாக வலை வாங்கித் தொழிலைத் தொடங்கியவர்கள். இரவில் அந்த வலையை இழுவைப் படகு வாரிக்கொண்டு போனால் அவர்களுக்கு நிவாரணம் கிடையாது. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தாலேயே தடை செய்தது, அங்குள்ள சொந்த மீனவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவர்களிடம் நாம் கேட்டது கால அவகாசம். நம்மிடம் அவர்கள் கேட்டது தேதி. இருதரப்பிலும் பேச்சில் நல்லெண்ணம் இருந்தது. ஆனால் மாற்றுத் தொழிலுக்கான பணமும் காலக்கெடுவும் மீனவர்கள் கையில் இல்லை, அரசுகளின் கையில் இருந்தன. 2017இல் இந்தியா பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகு தரும் திட்டத்தைத் தொடங்கியது. 80 லட்ச ரூபாய்ப் படகு, அதில் 50 விழுக்காடு மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு மானியம். மூன்று ஆண்டில் 2,000 படகு என்ற இலக்குக்கு மிகவும் கீழேயே அது நின்றுபோனது. இது இந்தியாவின் சொந்தத் திட்டம், கூட்டுத் திட்டமல்ல என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருநாள் தொழிலுக்குப் பழகியவரை வாரக்கணக்கில் சூரைக்கு அனுப்பப் படகு மட்டும் போதாது. பயிற்சி வேண்டும், துறைமுகம் வேண்டும், மீதிப் பணத்துக்கு வங்கி வேண்டும்.

"தகவலைப் பகிர்ந்தா நம்ம மீன் எங்க இருக்குன்னு அடுத்த நாட்டுக்குத் தெரிஞ்சிடாதா?"

உங்களுக்கு மீன் கிடைக்கும் இடங்களை யாரும் கேட்பதில்லை. ஜி.பி.எஸ்.ஸில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பார்கள் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகள்) உங்களோடுதான். பகிரப்படுவது மொத்தப் பிடிப்பு எவ்வளவு, மீனின் நீளம் என்ன, எந்த மாதத்தில் சினை பிடிக்கிறது, இரு கரை மீனும் ஒரே கூட்டமா வேறா என்பது போன்ற விவரங்கள். மீன்துறை ஊழியர் இறங்குதளத்தில் எடை கேட்கும்போது சரியாகச் சொல்வது உங்களுக்கே நல்லது. குறைத்துச் சொன்னால் பேச்சுவார்த்தை மேசையில் நம் நாட்டின் பங்கும் குறைந்தே எழுதப்படும்.

"கடல்ல கப்பல் எரிஞ்சா, எண்ணெய் கொட்டினா யார் வருவாங்க?"

பக்கத்து நாடுகள்தான் முதலில் வரும். 2020 செப்டம்பரில் குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு வந்த 'நியூ டயமண்ட்' கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அருகே தீப்பிடித்தது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் சேர்ந்து அணைத்தன. அந்த எண்ணெய் கொட்டியிருந்தால் இரு நாட்டுக் கரைக்கும் பேரழிவு. 2021இல் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' எரிந்தபோதும் இந்தியக் கப்பல்கள் போயின. ஆனால் அந்தக் கப்பலிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியதைத் தடுக்க முடியவில்லை. இந்த மாதிரி விபத்துக்கான வட்டாரத் திட்டத்தை வகுப்பது சாக்கெப்பின் பொறுப்பு.

"நாடுகளுக்குள்ள சண்டை வந்தா திட்டமெல்லாம் நின்னுடுமே, அப்புறம் எதுக்கு?"

சில நின்றிருக்கின்றன. சார்க் உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்ததுதான் கடைசி. இந்தியாவோடு 2019இல் செய்த கடலளவை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று மாலத்தீவு 2023இல் முடிவு செய்தது. உச்சியில் இருப்பவர்கள் கைகுலுக்க மறுத்தால் பெரிய கூட்டமைப்புகள் உறைந்துபோகும்.

ஆனால் கீழ்மட்டத்தில் ஓடும் வேலைகள் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து இந்தியாவோடு உறவு கசந்தது. அதற்குப் பிறகும் 2025 ஜனவரியில் 95 இந்திய மீனவர்களும் 90 வங்கதேச மீனவர்களும் கடல் எல்லையிலேயே பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள். மேலே சொன்ன தடைக்கால மாற்றமும் அதே ஆண்டில்தான் நடந்தது. புயல் குழு ஒரு முறைகூட பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போடவில்லை. பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய அதிகாரிகளும் அறிவியலாளர்களும் இருப்பதால் இது முடிகிறது. அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றவே இந்த அமைப்புகளுக்குச் சந்தா கட்டுவது தகும் என்பேன்.

"எங்க சங்கம் அதுல உறுப்பினராக முடியுமா? முடியலன்னா யாரைப் பார்க்கறது?"

உறுப்பினராக முடியாது, அது அரசுகளுக்கானது. ஆனால் பயிற்சிகளுக்கும் கலந்தாய்வுகளுக்கும் மீனவர் பிரதிநிதிகளை அழைக்கிறார்கள். உங்கள் சங்கத்தின் பெயரைச் சேர்க்கச் சொல்லி மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் வழியாக எழுதிக் கொடுங்கள். அழைப்பு வந்தால், இழுவைப் படகு உரிமையாளரை மட்டும் அனுப்பாமல் நாட்டுப்படகுக்காரர் ஒருவரையும் கருவாடு விற்கும் பெண் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகள் அவர்கள் தொழிலைப் பற்றியும்தான். தமிழில் அறிக்கை வேண்டும் என்பதையும் முதல் கோரிக்கையாகவே வையுங்கள்.

கடலில் ஆபத்து என்றால் இந்த அலுவலகங்கள் எதையும் தேடக்கூடாது. இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554. படகு பழுதாகி அயல்நாட்டுப் பக்கம் இழுத்துப் போனாலும் அதே எண்தான். அங்கிருந்து கொழும்பு மீட்பு மையத்தோடு அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆள் கைதாகிவிட்டால் மீன்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் படகின் பதிவு எண், போனவர்களின் பெயர், புறப்பட்ட நேரம் ஆகியவற்றோடு அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் அங்கிருந்துதான் போகும். படகு கிளம்பும் முன்பே அந்தத் தாளை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவைப்பது இன்னும் நல்லது.